சில சமயம் ஒத்துக்கொள்வதில்லை

ஜனவரி 29

தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்தது, குளிரோடு போகும் என்கிறார்.

பிப்ரவரி பத்தாம் தேதி எடை குறைக்க உனக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று உன் மனைவி அனுப்பிய குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது. என் காதுக்கு போன் சரிப்படாது என்று ஏழு வருடமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறோம். போன கடிதத்தில் மழை, சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் புது சைக்கிள் எல்லாம் எழுதினாய். இதை மட்டும் காணோம்.

நீ கேட்காவிட்டாலும் என் கருத்தைச் சொல்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டால் சரியாகிவிடுமா? நாளைக்கு ஏதாவது ஆனால் என்னிடம் வந்து அழாதே. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போகும்போது கம்பளிச் சட்டை எடுத்துப் போ. ஆஸ்பத்திரியில் ஆளைக் கொல்லும் அளவுக்குக் குளிரூட்டியை வைப்பார்கள்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நாற்காலியில் நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு அதுதான் என் உடல்நிலை அறிக்கை. அங்கே நீங்கள் இருவரும் எப்படி? கம்பளிச் சட்டை உதவியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைப்பழம் போலத் தைத்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஐந்து சின்னத் துளை, அவ்வளவுதான். மறுநாளே நடக்க விட்டார்கள்.

இப்போது எனக்கு எல்லாமே திரவம். இருமல் மருந்து மூடி மாதிரி ஒரு கப், முப்பது மில்லி. அதைக் கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே கவிழ்த்தவன் நான். டயட்டீஷியன் ஒரு அம்மா, குச்சி மாதிரி இருக்கிறார், குரல் மட்டும் லாரி ஹாரன். "ரெண்டு நாளுக்கு மேல வாந்தி நிக்கலைன்னா எனக்கு போன் பண்ணணும். வெக்கப்படக் கூடாது. வைட்டமின் மாத்திரை ஒரு நாள் கூட விடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னார். பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், புரத மாவு கரைத்த பால். இரண்டு வாரம் கழித்து மசித்த உணவு, அதற்கப்புறம் மெதுவாக மற்றவை.

ஏன் செய்துகொண்டேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் இறங்க ஒரு பாதுகாப்புப் பட்டை மாட்ட வேண்டும். அதில் நூற்று இருபது கிலோ வரை என்று அச்சடித்திருக்கிறது. நான் நூற்று ஐம்பத்தொன்று. பதினெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனை இரண்டு வருடமாக உதிரிபாக கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். பையன்கள் எனக்கு வைத்த பெயர் "சரக்கு லிஃப்ட்". நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமான பெயர் வரும்.

அத்தான் முழங்காலை நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மூச்சு வந்தது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்காலும் நன்றி சொல்லச் சொன்னது.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இரண்டு நாள் மக்கர் செய்தது. நேற்று ஒரு பெரியவர் வந்து, "இந்தக் கண்ணாடியப் போட்டா என் மருமக முகம் ரொம்பத் தெளிவாத் தெரியுது, பழசையே குடுங்க" என்றார். காதில் மெஷின் வைத்திருந்ததால் முழுதாகக் கேட்டது. ஒரு மணி நேரம் சிரித்தேன்.

உன் மனைவி எப்படி இருக்கிறாள்? நீ உன் கப், உன் சூப், உன் துளை என்று எல்லாம் எழுதினாய். இருபது வருடமாக உனக்காகவே ஆக்கிப்போட்டவள் இப்போது என்ன செய்கிறாள்? அதையும் எழுது.

மாத்திரை சாப்பிடு.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் இன்று காலை நூற்று இருபத்தொன்பது. எழுத்தில் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

போன வாரம் முதல் முட்டை. வேகவைத்த ஒரு முட்டையை டீ தட்டில் வைத்து, சின்ன ஸ்பூனால் வெட்டி, ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து தடவை மென்றேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், இருபது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் முன்னாலும் பின்னாலும் கூடாது. முதலில் முட்டை, மீன், பருப்பு, கோழி. இடம் மீதி இருந்தால் காய். அதற்கப்புறமும் இடம் இருந்தால்தான் ரொட்டி. இடம் இருப்பதே இல்லை. முட்டையில் பாதிதான் போனது. சில சமயம் ஒத்துக்கொள்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தானாம்.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு வேண்டியதை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கு ஆசை வரும் என்று நினைக்கிறாள் போல. நான் கேட்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் கடைசியில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எட்டு லிஃப்ட் பொருத்துகிறோம். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "குழுவுக்கு ஆள் வேணும்யா. அதுக்குள்ள நீ பட்டைக்குள்ள வந்துட்டா நீதான் தலைவர்" என்றார். இன்னும் ஒன்பது கிலோ.

உன் தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன், சுருக்கமாக எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது.

மூன்று கேள்விகள். ஒன்று, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறாய்? இரண்டு, "சில சமயம்" என்றால் வாரத்துக்கு எத்தனை தடவை? மூன்று, அவள் ஏன் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்று கேட்டாயா?

வரிசையாகப் பதில் எழுது. ஒன்பது கிலோவை விட எனக்கு இது முக்கியம்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

பால் பொங்கியதா, தப்பியதா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

முதல் கேள்வி. காலையில் புரத மாவு, மத்தியானம் மூன்று ஸ்பூன் மசித்த பருப்பு, சாயங்காலம் தயிர். மூன்றாவது கேள்வி. கேட்டேன், "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

நூற்றுப் பதினெட்டு! பட்டைக்குள் வந்துவிட்டேன், அக்கா. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றினார். பையன்கள் விசிலடித்தார்கள். வரும் இருபத்து நான்காம் தேதி ஷாஃப்ட்டுக்குள் இறங்குகிறேன், இரண்டு வருடத்துக்கு அப்புறம்.

ஒரு உதவி. முகம் வற்றிப்போனதால் கண்ணாடி மூக்கில் நிற்பதில்லை, நழுவுகிறது. அதனாலோ என்னவோ நாலைந்து நாளாகப் பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. வாசல்படி இரண்டு, ஸ்க்ரூ இரண்டு. பழைய அளவு உன்னிடம் இருக்குமே, பவரைக் கொஞ்சம் கூட்டி ஒரு புது ஜோடி செய்து அனுப்பு. இருபத்து நான்குக்குள் வந்தால் நல்லது. நடையும் கொஞ்சம் தள்ளாடுகிறது, உடம்பு லேசானதற்கு இன்னும் பழகவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தது. படித்த கையோடு உன் மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டேன். உனக்கும் அனுப்பினேன், நீ பார்க்கவில்லை. அதில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன், நீ கோபித்துக்கொண்டால் பிறகு படித்துக்கொள்.

கண்ணாடி செய்து அனுப்ப மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஒரு கண்ணை மூடினால் இரண்டு ஒன்றாகிவிடுகிறதா என்று பார். ஆகிவிட்டால் அது லென்ஸின் தப்பு இல்லை, கண்ணைத் திருப்பும் நரம்பின் சங்கதி. உன் கடிதத்தைப் பிரித்ததுமே பார்த்தேன், வரிகள் கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் கிடந்தன. நீ மெக்கானிக், கோணல் கோடு போட்டவன் இல்லை.

எங்கள் கடைக்கு வாரம் இரண்டு நாள் வரும் கண் டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். "இவருக்கு வாந்தி எத்தன வாரமா இருக்கு?" நான் போன கடிதத்தில் கேட்ட இரண்டாவது கேள்வி அது. நீ ஒன்றுக்கும் மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போயிருந்தாய். வாந்தி தொடர்ந்து இருந்தால் உடம்பில் பி ஒன்று என்கிற வைட்டமின் வற்றிவிடுமாம். கண், கால், அப்புறம் மூளை என்று வரிசையாகப் போகுமாம். ஊசி வழியாக உடனே ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் வேறு எதை ஏற்றுவதற்கு முன்னாலும் ஆபரேஷனையும் வாந்தியையும் சொல்லச் சொன்னார்.

செய்தியில் எழுதியதுதான்: நாளைக்கு ஷாஃப்ட்டுக்குள் கால் வைக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. நான் "அப்பவே சொன்னேனே" என்று சொல்ல மாட்டேன். இப்போதும் இல்லை, எப்போதும் இல்லை. நீ என்னிடம் மறைத்தது அதற்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியும். போ.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் நலம் என்று எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. நீங்களும் அண்ணனும் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் செய்தியை நான் மறுநாள் காலை எட்டரைக்குத்தான் பார்த்தேன். முந்தின நாள் போனை என் தையல் வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டேன், காலையில் போய்த்தான் எடுத்தேன். அவர் ஏழரைக்கே கிளம்பிவிட்டார். போன் பண்ணினால் எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "இப்பத்தான் பன்னெண்டாவது மாடிக்குப் போனார்மா, பட்டை மாட்டிக்கிட்டு இருப்பார்" என்றார். "எப்படியாவது நிறுத்துங்க, அவருக்குக் கண்ணு ரெண்டா தெரியுது" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் படியேறி ஓடினாராம், லிஃப்ட்தான் இன்னும் பொருத்தவில்லையே. இவர் திறந்த வாசலில் ஒரு காலை உள்ளே இருந்த பலகையில் வைத்திருந்தாராம். பட்டையின் கொக்கியைக் கம்பியில் மாட்டியதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மாட்டவில்லை, அண்ணி. இரண்டு கம்பி தெரிந்திருக்கிறது, இல்லாத கம்பியில் மாட்டியிருக்கிறார். மேற்பார்வையாளர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். உடனே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் கண் சரியாகத் தொடங்கியது. கால் இன்னும் இல்லை, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

வாந்தி எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், ஐந்து வாரமாக என்று. ஆமாம், எனக்குத் தெரியும். சாப்பிட்டு இருபது நிமிடத்தில் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிடும். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்கும். என் கைச் சமையல் இனிமேல் அவருக்குப் பிடிக்காது, சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உங்கள் தம்பியின் மனைவி


மே 6

தம்பிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, தினமும் காலையில் உன் மனைவி செய்தி அனுப்புகிறாள். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது.

ஒரு விஷயம் எழுத வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் நேரே எழுதுகிறேன். ஜனவரியில் "என்னிடம் வந்து அழாதே" என்று எழுதினேன். அக்கா ஒருத்தி தம்பிக்கு எழுதக்கூடிய வரி அது இல்லை. நீ அந்த வரிக்குக் கீழ்ப்படிந்துவிட்டாய். மன்னித்துக்கொள்.

பதில் எழுத அவசரம் இல்லை. எழுத முடிந்தபோது எழுது. அழ வேண்டுமானாலும் எழுது.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

கைக்கு வலு வந்துவிட்டது, இதோ வரி நேராகப் போகிறது பார். நீயும் அத்தானும் எப்படி?

பத்து வாரம் எழுதாமல் இருந்தேன். பேனா பிடிக்க முடியாதது இரண்டு வாரம்தான். மற்ற எட்டு வாரம் வெட்கம்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. முதல் வாரம் பயந்தேன். டயட்டீஷியன் எண்ணைக் கூட எடுத்து வைத்தேன். அன்றைக்குத் தராசில் ஏறினேன், நாலு நாளில் மூன்று கிலோ குறைந்திருந்தது. போன் பண்ணினால் இதை நிறுத்திவிடுவார்களே என்று தோன்றியது. பண்ணவில்லை. அவ்வளவுதான் அக்கா, இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. உன் கடிதத்துக்குப் பயந்தேன் என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. நீ எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

இதில் இன்னொரு கூத்து. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது தைத்த இடத்தில் ஓரிடம் சுருங்கிப்போயிருந்தது. நான் அவசரமாகத் தின்றதாலும் இல்லை, அவள் சமையலாலும் இல்லை. ஒரு சின்ன பலூனை உள்ளே விட்டு விரித்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மார்ச்சிலேயே போன் பண்ணியிருந்தால் அந்த அரை மணி நேரத்தோடு முடிந்திருக்கும்.

லாரி ஹாரன் அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வயித்தத்தான் சின்னதாக்கினோம், வாயத் தைக்கலயே. ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

குழுத் தலைவர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நியாயம்தான். பாதத்தில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை, பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது. ஷாஃப்ட்டுக்குள் இனி என்னை விட மாட்டார்கள். விடச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். பழுதான மோட்டார்களைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரிக்கும் வேலை கேட்டிருக்கிறேன், உட்கார்ந்து செய்வது.

போன வாரம் எடை பார்த்தார்கள். ஒன்றரை கிலோ கூடியிருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எடை கூடியதற்கு மூன்று பேர் கைதட்டினார்கள். நான் மட்டும் தராசில் நின்றபடி அழுதேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

நீ அழச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

உன் தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் இரண்டு தடவை படித்தார், நான் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இருவரும் நலம்.

பட்டறை வேலை கிடைத்ததா? முடி கொட்டும் என்று கண் டாக்டர் சொன்னார். பயப்படாதே, பெரும்பாலும் திரும்ப முளைக்குமாம். முளைக்காவிட்டாலும் நம் குடும்பத்தில் யாருக்கு இருந்தது?

அவள் இப்போது எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள்?

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம், இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் கண் டாக்டரிடம் காட்டு. வேலை கிடைத்தது. முடி கொட்டியது, கொஞ்சம் திரும்பி வருகிறது.

அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதல் இரண்டு வாரம் சண்டைதான். "இவ்வளவுதானா? இன்னொரு வாய்?" என்பாள். "போதும்னா போதும்" என்பேன். முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் அவளையும் டயட்டீஷியனிடம் கூட்டிப் போனேன். வெளியே வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "இருவது வருஷமா நீங்க இன்னும் கொஞ்சம்னு கேக்கறதத்தான் நான் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இனிமே வாயத் தொறந்து பாராட்டுங்க." இப்போது ஒவ்வொரு வேளையும் எது நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். மீனை உப்பும் மிளகும் போட்டு வேகவைக்கிறாள். ஒரு உள்ளங்கை அளவுத் துண்டு, அரை மணி நேரம் வைத்துச் சாப்பிடுகிறேன். முன்பு ஆறு துண்டு தின்றபோது மீனுக்கு இப்படி ஒரு ருசி இருந்தது எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அன்றைக்கு முழுதும் அவள் முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருந்தாள்.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். ஆபரேஷன் முடிந்தவர்கள், செய்துகொள்ளப் போகிறவர்கள் என்று முப்பது பேர் இருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார் டயட்டீஷியன். எனக்கு முன்னால் பேசிய ஒருவர் தன் பழைய பேன்ட்டைக் கொண்டுவந்து ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டுக் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, ஐந்து வாரம் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்ததைச் சொன்னேன். இல்லாத கம்பியில் கொக்கி மாட்டியதைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, "மொத்தம் எத்தன கிலோ எறங்குச்சு சார்?" என்றார். சொன்னேன்.

முடிந்து நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசல் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாராம், ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ரேடியோவ சத்தமா வெச்சிருவேன்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"பதினாறு."

"டயட்டீஷியன் அறை கடைசிலதான் இருக்கு. நான் மெதுவாத்தான் நடப்பேன். நீங்க முன்னால போய்க் கதவத் தட்டுங்க, நான் பின்னாலயே வரேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. "தட்டாம திரும்பிப் போயிருவேன்" என்றார். "நீங்க நடக்கற வேகத்துலயே நடக்கறேன்."

நீளமான வராந்தா, அக்கா. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். அவரும் நின்றார். கதவை அவர்தான் தட்டினார்.

உன் தம்பி